ஆலை முனகும் சுருதி

பெஸ்தாரி ஜெயா, செவ்வாய் இரவு

பாட்டுக்குச் சுருதி கிடைத்துவிட்டது. செம்பனை ஆலைப் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் இரைச்சலைப் போனில் பிடித்துவந்து கணினியில் போட்டுப் பார்த்தேன். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் அதன் இரு மடங்கில், 100-இல் முனகும். ஐந்து கட்டைச் சட்ஜமம் 98. மயிரிழை கூடுதல், அவ்வளவுதான். மேலே 200, 300 என்று கிளை ஒலிகள்; 300 அப்படியே பஞ்சமம். தெருமுனையில் இரவெல்லாம் ஒரு தம்பூரா ஒலித்துக்கொண்டிருக்கிறது!

இதற்குப் பிறகு கடையில் வாங்கும் ஆயத்தச் சோக ஒலிகள் எதற்கு? 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டது இங்கே, தென்னமாரத்தில்தான். லயத்து வீடுகள் காலியானதைப் பாடப்போகிறேன்; சுருதியும் இந்த மண்ணிலிருந்தே வரட்டும்.

வியாழன்

கோயில் உறுமி மேளக் குழுத் தம்பி வந்து வாசித்துக் கொடுத்தான். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும் அந்த ஒலியை மட்டும் வெட்டியெடுத்து, ஒரு ஸ்தாயி இறக்கி, நிமிடத்துக்கு 66 அடியில் ஓடவிட்டேன். திருவிழாவில் ஆடவைக்கும் அதே உறுமி நெஞ்சைப் பிசைகிறது.

யோகி பி - நட்சத்திராவின் தமிழ் ராப் ஆல்பம் 'வல்லவன்' 2006-இல் வந்தது. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கோபத்தைப் பாடினோம், காதலைச் சலிக்கச் சலிக்கப் பாடினோம். துக்கத்தை நிதானமாகப் பாட மட்டும் இன்னும் கூச்சப்படுகிறோம்.

சனி

ஒப்பாரி பாடப் பாட்டி ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. "வீட்டுக்குள்ள ஒப்பாரி வைக்கக் கூடாதுய்யா, ஆவாது. வெளிய வா." பின்கட்டைத் தாண்டிச் செம்பனை மரத்தடியில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். மைக்கை முகத்துக்கு நேரே வைக்காமல் மார்பு உயரத்தில் வைத்தேன். முந்தானையை வாயருகே பிடித்துக்கொண்டு, செத்துப்போன தன் அண்ணனைக் கூப்பிட ஆரம்பித்தார். வரி முடியும் இடத்தில் குரல் சறுக்கிக்கொண்டே இறங்கி, மூக்கை உறிஞ்சி, அந்த மூச்சிலேயே அடுத்த வரி. நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சும்மா கேட்டேன்.

ஞாயிறு

பாட்டியின் குரல் நாலரைக் கட்டை. ஆலைச் சுருதிக்கு ஏற்றிப் பார்த்தால் எழுபது வயதுக் குரல் நாற்பதாகிவிடுகிறது. அது வேறு யாரோ. ஆகவே ஆலையை அரைக் கட்டைக்கும் சற்றுக் கூடுதலாக இறக்கினேன். இயந்திரம் இறங்கட்டும், ஆத்தாள் இருந்த இடத்தில் இருக்கட்டும்.

அவர் பிடிக்கும் காந்தாரம் கீபோர்டில் எந்தக் கட்டையிலும் இல்லை. சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவே நிற்கிறது. கார்டுகளிலிருந்து காந்தாரத்தையே எடுத்துவிட்டேன். ஸாவும் பாவும் போதும். ஆட்டோடியூன் பக்கம் போகவே இல்லை. அந்த மூக்குறிஞ்சலையும் வெட்டவில்லை. பாட்டின் கனமே அங்கேதான்.

புதன்

மிக்ஸ் முடிந்தது. ஆலைச் சுருதியை இன்னும் ஒரு ஸ்தாயி இறக்கியதில் அடிநாதம் 46 ஹெர்ட்ஸுக்குப் போய்விட்டது. போன் ஸ்பீக்கரில் அது வராது. சாச்சுரேஷன் போட்டுக் கிளை ஒலிகளைத் தூக்கினேன். அவை கேட்டால் போதும், இல்லாத அடிநாதத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும். நம்மவர்கள் போனில்தான் கேட்பார்கள்.

புக்கிட் ரோத்தானிலோ ஈஜோக்கிலோ ஜெராமிலோ ஒப்பாரி தெரிந்த பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே உட்காரவைத்துப் பதிவு செய்யுங்கள். போன் போதும். விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள்.