வெள்ளை நாயின் பூர்வீகம்

பதுளைக்கு அண்மையிலிருந்த தேயிலைத் தோட்டமொன்றில், பெரிய துரையின் பங்களாவில் வேலை பார்த்தவர் என் பாட்டனார். துரையின் வெள்ளை டெரியர் நாயைக் குளிப்பாட்டி, மயிர் சீவி, மாலையில் உலாவ அழைத்துச் செல்வது அவரது கடமை.

"இதுக்குப் பூர்வீகம் போல்டலொக், ராசா. துரையே சொன்னாரு" என்று பெருமையுடன் கூறுவார்.

"நமக்கு எது தாத்தா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"திருச்சிப் பக்கம்" என்றார். ஊரின் பெயர் அவருக்குத் தெரியாது.

பத்திரிகைத் தொழிலுக்கு வந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரே போல்டலொக் பற்றித் தேடிப் படித்தேன். ஸ்கொட்லாந்தின் ஆர்கைல் பகுதியில், மல்கம் குடும்பத்தாரின் நிலப்பரப்பு அது. மண்ணைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்ததே டெரியர் என்னும் பெயர். வளைக்குள் புகுந்து நரியை விரட்டும் நாய் அது. கேணல் எட்வர்ட் டொனால்ட் மல்கம் தமது செம்பழுப்பு நாயை நரியெனக் கருதிச் சுட்டுவிட்டதாகவும், அதன்பின் வெள்ளைக் குட்டிகளையே தேர்ந்து வளர்த்ததாகவும் ஒரு கதை உண்டு. மேற்கு ஹைலண்ட் வெள்ளை டெரியர் என்ற பெயருடன் பிரித்தானிய கெனல் கிளப் 1907இல் அவ்வினத்தை ஏற்றுக்கொண்டது.

அக்குடும்பத்தின் செல்வத்தில் பெரும்பங்கு, ஜமெய்க்காவில் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். 1848இல் அவர்களது நிலத்திலிருந்த ஆரிகொனன் என்னும் சிற்றூரின் குடியானவர்கள் வெளியேற்றப்பட்டனர். எதிர்த்தவர்களிற் சிலர் சிறை சென்றனர்.

சரியாக நூறாண்டுகளின் பின், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எம்மவரிடம் பூர்வீகத்துக்குச் சான்று கேட்டது. தந்தை இங்கு பிறந்தமைக்கோ, பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தமைக்கோ அத்தாட்சி வேண்டும். லயத்திற் பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் அது இருந்தது? துரையின் நாய்க்கோ தாய் தந்தையர் பெயர்களுடன் பத்திரம் இருந்தது. கண்ணாடிச் சட்டமிட்ட அதைத் தூசு தட்டி வைத்தவரும் என் பாட்டனாரே.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. சித்தப்பா குடும்பத்தார் தலைமன்னாரில் கப்பலேறினர். பாட்டனார் நாடற்றவராகவே கண்மூடினார். எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் சட்டத்தைக் காண அவர் இருக்கவில்லை.

போல்டலொக் மாளிகையின் கூரை 1957இல் அகற்றப்பட்டது. இன்று அது இடிபாடு. பாட்டனாரோ அந்தத் தோட்டத்து மண்ணில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே உறங்குகின்றார். பூர்வீகம் எதுவென்று எவரேனும் கேட்டால் இப்பொழுதெல்லாம் நான் தயங்குவதில்லை. பதுளை என்கின்றேன்.