தாத்தாவின் பாட்டுப் புத்தகங்கள்

எங்க தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஹார்பரில் மூட்டை தூக்கினவர். ஆனால் அவருடைய டிரங்குப் பெட்டியில் 71 புத்தகங்கள் இருந்தன! எல்லாம் சினிமாப் பாட்டுப் புத்தகங்கள்.

அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலிலேயே விற்பார்களாம். நடிகர்கள் பெயர், கதைச் சுருக்கம், எல்லாப் பாட்டும் அதில் இருக்கும். கதையைப் பாதியில் நிறுத்தி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று போட்டிருப்பார்கள். (செம டெக்னிக் இல்ல?)

தாத்தாவிடம் இருப்பதில் பழசு ‘படகோட்டி’, 1964. “படிக்கத் தெரியாம ஏன் தாத்தா வாங்கினீங்க?” என்று கேட்டேன். “அட்டையில எம்.ஜி.ஆர். இருந்தாரு கண்ணு” என்றார்.

கல்யாணத்துக்கு அப்புறம்தான் அந்தப் புத்தகங்களுக்கு உயிர் வந்தது. ஆயா அஞ்சாவது வரை படித்தவங்க. தண்டையார்பேட்டை அகஸ்தியாவில் தாத்தா படம் பார்த்துவிட்டு புத்தகத்தோடு வருவார். (அந்தத் தியேட்டர் 2020-ல் மூடிவிட்டது.) ஆயா வரியைப் படிக்க, தாத்தா மெட்டைச் சொல்ல, ரெண்டு பேரும் சேர்ந்து பாடுவாங்களாம்.

1937-ல் வந்த ‘ஸ்நோ ஒயிட்’ கார்ட்டூன் படத்தின் பாட்டுகளை, பியானோவில் வாசிக்கிற மாதிரி இசைக் குறிப்போடு அச்சடித்து விற்றார்களாம். பழைய தமிழ்ப் பாட்டுப் புத்தகங்களில் ராகம், தாளமாவது போட்டிருப்பார்கள். தாத்தா வாங்கியதில் அதுவும் இல்லை. வரி மட்டும்தான். மெட்டு தாத்தாவிடம்தான் இருக்கிறது.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்க எர்ணாவூர் வீட்டுக்குள் வந்த வெள்ளத்தில் எண்ணெயும் கலந்து வந்தது. ஆயா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. நாங்க அரிசியைத் தூக்கினோம், டிவியைத் தூக்கினோம். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை யாரும் நினைக்கவில்லை. தண்ணி வடிந்ததும் தாத்தாதான் திறந்தார். எல்லாம் கறுப்பு. யாரையும் திட்டவில்லை. அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

ஒவ்வொரு தாளாகப் பிரித்து, முகப் பவுடர் தூவி, பழைய பேப்பருக்கு நடுவில் வைத்துக் காய வைத்தேன். 26 தேறியது. கறை போகவில்லை, வாசனையும் போகவில்லை. ‘படகோட்டி’யில் நடுவில் நாலு பக்கம் ஒட்டிக்கொண்டு கிழிந்தே போச்சு.

இப்போ ராத்திரியில் நான் படிக்கிறேன், தாத்தா மெட்டு சொல்கிறார். தப்பாகப் பாடினால், “உங்க ஆயா இப்படி இழுக்க மாட்டா” என்பார்.

நண்பர்களே, உங்க வீட்டுப் பரணில் பாட்டுப் புத்தகம் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீங்க, ப்ளீஸ். ‘படகோட்டி’ இருந்தால் ஒரே ஒரு நாள் கொடுங்க. ஜெராக்ஸ் எடுத்துவிட்டு, அட்டை போட்டுத் திருப்பித் தருகிறேன்.

- 11-ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி