குல்மார்க் போறீங்களா... ஒரே ஸ்னோபோர்டு அப்பாவுக்கும் மகளுக்கும் சரிப்படுமா?

ஶ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கி.மீ. தங்மார்க் என்ற சிற்றூரைத் தாண்டியதும் கடைசி 13 கி.மீ. முழுக்க மலைப்பாதைதான். பனி கொட்டிய நாள்களில் டயரில் சங்கிலி கட்டிய வண்டிகள்தான் மேலே ஏறும். டிசம்பர் 21-ம் தேதி தொடங்கி 40 நாள்கள் நீளும் கடுங்குளிர் காலத்தை, காஷ்மீர் மக்கள் 'சில்லை கலான்' என்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் ஃபெரன் அங்கிக்குள் கங்கிரி நெருப்புச் சட்டியை வைத்துக்கொண்டு நடமாடும் அந்த நாள்களில்தான், உலகின் பல மூலைகளிலிருந்தும் பனிச்சறுக்குப் பிரியர்கள் இந்த ஊருக்கு வந்து குவிகிறார்கள்.

இப்போது நம்மூர்க் குடும்பங்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டன. ஸ்லெட்ஜில் உட்கார்ந்து ஒரு ரவுண்டு, பனியில் நின்று ஒரு போட்டோ என்பதோடு முடியாமல், "ஸ்னோபோர்டு பண்ணிப் பார்க்கலாமே" என்று வாடகைக் கடைக்குள் நுழைகிறார்கள். கடைக்காரர் சுவரில் சாய்த்து வைத்திருக்கும் பலகைகளில் ஒன்றை எடுத்து, "ஆல் மவுன்டன் போர்டு, எல்லாருக்கும் ஓகே" என்று நீட்டுகிறார்.

உண்மையிலேயே எல்லோருக்கும் ஓகேவா?

எல்லாத்துக்கும் ஒரே சேலை!

கல்யாணத்துக்கும் கட்டலாம், ஆபீஸுக்கும் கட்டலாம் என்று சொல்லி விற்கும் சேலை போன்றதுதான் ஆல் மவுன்டன் போர்டு. ஆழமான பொடிப் பனிக்கென்றே செய்த பலகைகள் தனி. குட்டிக்கரணம் அடிக்கிற பார்க் விளையாட்டுக்கான பலகைகள் தனி. இரண்டுக்கும் நடுவில் நின்று, மலையின் எந்தப் பகுதியிலும் ஓரளவு சமாளிக்கும் பலகை இது.

இந்த விளையாட்டுக்கு வயது ரொம்ப அதிகமில்லை. 1965-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர், தன் மகள்களுக்காக இரண்டு ஸ்கீ பலகைகளைச் சேர்த்துக் கட்டினார். 'ஸ்னர்ஃபர்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 1977-ல் ஜேக் பர்ட்டன் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு முதன்முதலாக இடம்பெற்றது. குல்மார்க்கிலும் 2020 முதல் நடக்கும் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் அதற்கு இடமுண்டு.

ஒரு மலை... நாலு வகைப் பனி!

குல்மார்க்கின் தனிச்சிறப்பு அதன் கொண்டோலா. சுமார் 2,650 மீட்டர் உயரத்திலிருந்து கிளம்பும் கேபிள் கார், முதல் கட்டத்தில் கொங்டூரிக்குக் கொண்டுபோகிறது. அது ஏறக்குறைய 3,080 மீட்டர். அங்கிருந்து இரண்டாம் கட்டம், அஃபர்வட் மலையின் தோளில் சுமார் 3,950 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடுகிறது. அதாவது, ஒரே நாளில் 1,300 மீட்டர் உயர வித்தியாசத்தில் சறுக்கி இறங்கலாம். உயரம் மாற மாற, காலில் மிதிபடும் பனியும் மாறும். ஒரு பலகையைச் சோதிக்க இதைவிட நல்ல மலை எது?

உதாரணத்துக்கு ஒரு பலகையை எடுத்துக்கொள்வோம். நீளம் 156 செ.மீ., நடு இடுப்பின் அகலம் சுமார் 25 செ.மீ., விறைப்பு நடுத்தரம். காலடியில் லேசாக வில்போல மேலே வளைந்திருக்கும். இதை 'கேம்பர்' என்பார்கள். மூக்குப் பகுதி மட்டும் படகுபோல நிமிர்ந்திருக்கும். அதற்கு 'ராக்கர்' என்று பெயர். இரண்டும் கலந்த இந்த வடிவம்தான் இன்று பல ஆல் மவுன்டன் போர்டுகளில் இருக்கிறது.

காலை, அடிவாரத்தின் ஆரம்பச் சரிவுகள்: முந்தைய பகலில் பலர் மிதித்த பனி இரவுக் குளிரில் இறுகி, கிட்டத்தட்ட ஐஸாகியிருக்கும். இங்கே பலகையின் இரும்பு விளிம்புதான் உயிர். கேம்பர் வடிவம் உடல் எடையை விளிம்பு முழுக்கப் பரப்பி அழுத்துவதால் பிடிமானம் கிடைக்கும். முழுக்க ராக்கராக உள்ள பலகை இந்த இடத்தில் வழுக்கும். ஆனால், விளிம்பு மழுங்கிப்போன பலகை என்றால் எந்த வடிவமும் காப்பாற்றாது. வாடகைப் பலகைகளில் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

கொங்டூரியின் சமன் செய்த தடங்கள்: ஆல் மவுன்டன் போர்டின் சொந்த வீடு இது. நடுத்தர விறைப்பு இருப்பதால் வேகமெடுத்தாலும் அதிகம் உதறாது. திரும்பச் சொன்னால் திரும்பும். நம் உதாரணப் பலகைக்கு இந்த இடத்தில் தாராளமாக முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

அஃபர்வட் உச்சியின் புதுப்பனி: முழங்கால்வரை புதையும் பொடிப் பனியில் விதிகளே வேறு. பலகை மிதக்க வேண்டும், மூக்கு உள்ளே போய்விடக் கூடாது. 156 செ.மீ. பலகை 70 கிலோ ஆளைத் தாங்கும். 90 கிலோ ஆள் ஏறினால் மூக்கு புதையத் தொடங்கும், பின்னங்காலில் எடை போட்டுப் போட்டுத் தொடை எரியும். ஒரு சின்ன வைத்தியம் உண்டு. காலைப் பூட்டும் பைண்டிங் இரண்டையும் ஒரு துளை பின்னால் தள்ளிப் பொருத்தச் சொன்னால், மூக்கு நீளமாகி மிதப்பு கூடும். கடையிலேயே ஸ்க்ரூடிரைவர் இருக்கும், ஐந்து நிமிட வேலை.

பிற்பகலும் மார்ச் மாதமும்: வெயில் ஏறியதும் பனி இளகி, சேறு மாதிரி ஆகிவிடும். மெழுகு பூசாத பலகை அதில் ஒட்டிக்கொண்டு திடீரென பிரேக் போட்டதுபோல் நிற்கும். பலகை நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னால் போவார்! அடிப்பக்கத்தில் வெளிறிய வறண்ட திட்டுகள் தெரிந்தால் மெழுகு இல்லை என்று அர்த்தம்.

ஸ்னோபோர்டுக்கு குல்மார்க்கில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஊர் ஒரு கிண்ணம் மாதிரி, நடுவில் பெரிய சமவெளி. ஸ்கீக்காரர்கள் கையிலுள்ள கோலை ஊன்றித் தள்ளிப் போய்விடுவார்கள். ஸ்னோபோர்டுக்காரர் பின்னங்காலைக் கழற்றி, ஒற்றைக்காலால் உந்தி உந்தித்தான் போக வேண்டும். வேகத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு சமவெளிக்கு வருவது அனுபவத்தில்தான் கைவரும்.

அப்பா, மகள், கல்லூரி அண்ணன்

இப்போது அதே 156 செ.மீ. பலகையில் ஒரு குடும்பத்தை ஏற்றிப் பார்ப்போம்.

அப்பாவுக்கு 85 கிலோ, ஷூ சைஸ் 10. எடைக்கு 160 செ.மீ. பக்கம் போவது நல்லது. அதைவிடப் பெரிய சிக்கல் ஷூ சைஸ். பூட்ஸின் நுனி பலகைக்கு வெளியே அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால், சாய்ந்து திரும்பும்போது கட்டைவிரல் பக்கம் பனியில் உரசி ஆளைத் தூக்கி எறியும். இந்தியக் கணக்கில் 10-க்கு மேல் ஷூ அணிபவர்கள் 'வைடு' பலகை கேட்டு வாங்க வேண்டும். அதன் இடுப்பு 26 செ.மீ. அளவில் இருக்கும்.

மகளுக்கு 48 கிலோ, ஷூ சைஸ் 5. 156 செ.மீ. பலகை அவருக்கு லாரி ஓட்டுவது மாதிரி. நீளம் அதிகம், அகலம் அதிகம், அவர் எடைக்கு வளைந்தே கொடுக்காது. திரும்ப முடியாமல் நேராகப் போய் விழுவார். "எனக்கு வரவே இல்லை" என்று மனம் விட்டுவிடும் பல பெண்களின் கதைக்குப் பின்னால் இப்படியொரு பெரிய பலகை இருக்கக்கூடும். அவருக்கு 140 செ.மீ.யை ஒட்டிய, மென்மையாக வளையும், இடுப்பு குறுகிய பலகை சரியாக இருக்கும்.

அண்ணனுக்கு 70 கிலோ, ஷூ சைஸ் 8. பலகை அளவு கச்சிதம். ஆனால், முதல் நாள் ஆள் என்றால் கேம்பர் கொஞ்சம் கண்டிப்பான வாத்தியார். சரிவின் கீழ்ப்பக்க விளிம்பு தவறுதலாகப் பனியில் மாட்டினால் அடுத்த நொடி ஆள் தரையில். புதிதாகக் கற்பவர்களுக்கு மென்மையான, ராக்கர் அதிகமுள்ள பலகை மன்னிக்கும் குணம் கொண்டது. ஏற்கெனவே நான்கைந்து நாள் சறுக்கிப் பழகியவர் என்றால், இந்த 156 செ.மீ. பலகையில் அவர் மலை முழுக்கச் சுற்றலாம்.

நீளம் தேர்ந்தெடுக்க, 'பலகையை நிமிர்த்தி வைத்தால் மோவாய்க்கும் மூக்குக்கும் நடுவில் வர வேண்டும்' என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அது தோராயம்தான். உயரத்தைவிட எடையும் ஷூ சைஸும் முக்கியம்.

கடையில் ஐந்து நிமிடம்

பலகையை வாங்கியதும் கிளம்பிவிட வேண்டாம். நகத்தை விளிம்பின் குறுக்கே லேசாக இழுத்துப் பாருங்கள். நகத்தில் மெல்லிய சீவல் வந்தால் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. அடிப்பக்கத்தில் ஆழமான பள்ளங்கள் உண்டா என்று தடவிப் பாருங்கள். பைண்டிங் பட்டைகளின் பற்கள் தேய்ந்திருந்தால் நடுவழியில் கழன்றுவிடும், மாற்றச் சொல்லுங்கள்.

பலகையைவிட பூட்ஸுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கட்டி முடித்து, முழங்காலை முன்னால் மடக்கும்போது குதிகால் மேலே எழும்பக் கூடாது. விரல்கள் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். 'ரெண்டு சாக்ஸ் போட்டுக்கலாம்' என்று ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் கால் ஆடும், பலகை சொல்பேச்சு கேட்காது.

எந்தக் கால் முன்னால்? இடது கால் முன்னால் இருந்தால் 'ரெகுலர்', வலது கால் என்றால் 'கூஃபி'. பின்னாலிருந்து யாராவது லேசாகத் தள்ளும்போது எந்தக் கால் தானாக முன்னே போகிறதோ, அதுதான் பெரும்பாலும் முன்கால். இதைச் சொல்லாமல் பலகை வாங்கினால் கடைக்காரர் தன் வழக்கப்படி பூட்டிக் கொடுத்துவிடுவார்.

புதிதாகக் கற்பவர்களுக்கு அதிகம் அடிபடுவது மணிக்கட்டில்தான். விழும்போது கையை ஊன்றுவது மனித இயல்பு. மணிக்கட்டுக் கவசமும் ஹெல்மெட்டும் வாடகைப் பட்டியலில் பலகைக்கு முன்னால் இருக்கட்டும். முறையாகக் கற்க நினைப்பவர்களுக்கு, மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனமே குல்மார்க்கில் இருக்கிறது.

எந்தப் பலகையும் காப்பாற்றாத இடம்

கொண்டோலா சீட்டு எடுத்தால் யார் வேண்டுமானாலும் அஃபர்வட் தோளில் போய் நிற்கலாம். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. ரோந்துக் குழு கண்காணிக்கும் பகுதியைத் தாண்டினால், கட்டுப்பாடற்ற இமயமலை. 2023 பிப்ரவரியில் போலந்தைச் சேர்ந்த இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் அஃபர்வட் சரிவுகளில் பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்தார்கள்.

தடத்தை விட்டு வெளியே போகிறவர் உடலில் பனிச்சரிவு பீக்கன் கருவி, பையில் மடக்குக் கோல், சிறு மண்வெட்டி, கூடவே இவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த துணையும் உள்ளூர் வழிகாட்டியும் இருக்க வேண்டும். அன்றைய எச்சரிக்கை நிலவரத்தைக் கேட்காமல் மேலே போகக் கூடாது. உயரத்தையும் மறக்க வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து கிளம்பி வந்தவருக்கு 3,950 மீட்டரில் தலைவலியும் மூச்சிரைப்பும் வரலாம். ஶ்ரீநகரில் ஒரு நாள், குல்மார்க்கில் ஒரு நாள் உடலைப் பழக்கிவிட்டு உச்சிக்குப் போவது நல்லது. குழந்தைகள், பெரியவர்களோடு வருபவர்கள் கொங்டூரியோடு திரும்பினாலும் குறை ஒன்றுமில்லை.

பனி வராத வருடங்கள்

இன்னொரு கவலையும் இந்த மலையைச் சூழ்ந்திருக்கிறது. 2024 ஜனவரியில் மாதக் கடைசி வரை குல்மார்க் பனியில்லாமல் பழுப்பாகக் கிடந்தது. 2025-ல் பிப்ரவரி மாதம் நடக்க வேண்டிய கேலோ இந்தியா போட்டிகளை, பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளி வைத்தார்கள். ஸ்லெட்ஜ் இழுப்பவர், வழிகாட்டி, வாடகைக் கடைக்காரர், நூன் சாய் விற்பவர் எல்லோருக்கும் வருடச் சம்பாத்தியமே இந்த இரண்டு மூன்று மாதங்கள்தான்.

இதற்கும் பலகைத் தேர்வுக்கும் சம்பந்தம் உண்டு. பொடிப் பனி நாள்கள் குறைந்து, இறுகிய பனியும் இளகிய பனியும் அதிகமானால், பவுடர் பலகைக்கு அங்கே வேலை குறைவு. எது வந்தாலும் சமாளிக்கும் ஆல் மவுன்டன் போர்டுதான் அப்போது புத்திசாலித்தனமான தேர்வு. ஆனால் அது உங்கள் எடைக்கும் ஷூ சைஸுக்கும் அளந்ததாக இருக்க வேண்டும். மூன்று பேர் போனால் மூன்று அளவு கேளுங்கள். கடைக்காரர் முதலில் நீட்டுவதை வாங்காமல், "இன்னைக்கு மேலே பனி எப்படி இருக்கு?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் கொடுக்கும் பலகையை நம்பலாம்!