வித்ததோட வேலை முடிஞ்சுதா?

எங்க குன்றத்தூர் வீட்டு அலமாரியில ஒரு பழைய நோக்கியா ஃபோன் கிடக்கு. பக்கத்துல ஸ்ரீபெரும்புதூர்ல இருந்த நோக்கியா ஆலை 2006ல ஆரம்பிச்சு, 2014 நவம்பர்ல உற்பத்தியை நிறுத்திடுச்சு. ஆனா சார்ஜ் போட்டா அந்த பாம்பு விளையாட்டு இன்னைக்கும் ஓடுது! அப்டேட்டே தேவைப்படலை.

இப்ப கதையே வேறங்க. தீபாவளிக்குக் கிடைச்ச காசுல தம்பி ஒரு கார் ரேஸ் கேம் வாங்கினான். ரெண்டே மாசம்... ஃபோன்ல சாஃப்ட்வேர் மாறினதும் கேம் திறக்கவே இல்லை. கம்பெனிக்கு நாலு மெயில் போட்டோம். பதிலே காணோம். "காசு போச்சாண்ணா?"ன்னு கேட்டான். பி.காம் படிக்கிற எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை.

எல்லாரும் இப்படி இல்லை. 'நோ மேன்ஸ் ஸ்கை' 2016ல வந்தப்ப, சொன்னதுல பாதி இல்லைன்னு செம திட்டு வாங்குச்சு. ஹலோ கேம்ஸ் ஓடி ஒளியலை. வருஷக்கணக்கா இலவச அப்டேட் கொடுத்தே பேரை மீட்டாங்க. இன்னொரு பக்கம், யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31ல 'தி க்ரூ' சர்வரை மூடினதும், காசு கொடுத்து வாங்கினவங்களாலகூட விளையாட முடியாமப் போச்சு.

மிக்ஸி விக்கிறவங்க வாரண்டி செலவுக்குன்னு கணக்குல முன்கூட்டியே ஒரு தொகை ஒதுக்கணும்னு வகுப்புல படிச்சோம். வித்த பொருளுக்கு வித்தவன் பொறுப்புங்கறதுதான் அதோட அர்த்தம். கேமுக்கு மட்டும் அது கிடையாதா என்ன?

தம்பி இன்னும் அந்த ஐகானை அழிக்கலை. "தூக்கிப் போடுடா"ன்னா, "ஒருவேளை அப்டேட் வந்துட்டா?"ங்கறான் :(