முன்னால் போகும் ஹோண்டா 70

ஈப்போவிலிருந்து கம்பாருக்கு நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் போதும். கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே கம்பாருக்குப் போய்ச் சேர எங்களுக்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. பழைய மோட்டார் சைக்கிள் பிரியர்களின் ஒருநாள் பயணம் அது. மொத்தம் 11 வண்டிகள். பாதி வண்டிகள் ஓட்டுபவரைவிட வயதில் மூத்தவை.

இந்தக் குழுவில் ஒரு விதி உண்டு. ஆக மெதுவான வண்டிதான் முன்னால் போக வேண்டும். மெக்கானிக் கடைசியில் வருவார். அன்று முன்னால் போனது ஒரு ஹோண்டா சி70 கப்சாய். ஓட்டியவர் கோலாலம்பூரில் கணினித் துறையில் வேலை செய்யும் இளம்பெண். பின்னால் உட்கார்ந்திருந்தவர் அவருடைய அப்பா, வயது 68.

"முட்டி வலி தம்பி, கிக் அடிக்க முடியல. வண்டிய அவ பார்த்துக்குவா, வழிய நான் பார்த்துக்குவேன்" என்றார் ஐயா.

அவர்களுக்குப் பின்னால் ஒரு பி.எஸ்.ஏ. பாண்டம், சில வெஸ்பாக்கள், நான் ஓட்டிய ராயல் என்ஃபீல்டு புல்லட். 1955 முதல் மெட்ராஸில் தயாரான வண்டி இது. என்னுடையதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். புதிதாக ஓட்டுபவர்களுக்கு முதல் சந்திப்பிலேயே வியர்த்துவிடும்!

மெங்லெம்பு, லஹாட் தாண்டி பாப்பானுக்குள் நுழைந்தோம். ஈயத்தால் வாழ்ந்த சிறு பட்டணம். இன்று பல கடைவீடுகளின் சுவரில் மரங்கள் வேர்விட்டிருக்கின்றன. மெயின் ரோடு 74ஆம் எண் வீட்டின் முன் வண்டிகளை நிறுத்தினோம். ஜப்பானியர் காலத்தில் சிபில் கார்த்திகேசு மருத்துவ உதவி செய்த இடம். காட்டிலிருந்து வந்த போராளிகளுக்கு இரகசியமாகச் சிகிச்சை கொடுத்தார். ஒளித்து வைத்த வானொலியில் பிபிசி செய்தி கேட்டார். 1943இல் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளானார். ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர், 1948இல் மறைந்தார். எனக்குச் சோறு போடுவது வானொலி. செய்தி கேட்டதற்கே உயிர் போகக்கூடிய காலத்தை நினைத்தபோது, அந்த வாசலில் எனக்குப் பேச்சு வரவில்லை.

பூசிங் தாண்டியதும் பாண்டம் நின்றுவிட்டது. பிளக்கில் கரி. மெக்கானிக் கழற்றி, மணல்தாளால் தேய்த்து மாட்டினார். பத்து நிமிட வேலைதான்.

பத்து காஜாவிலிருந்து கோப்பெங் சாலையில் சில கிலோமீட்டர் போனால் கெல்லி கோட்டை. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கி, 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததால் முடியாமல் நின்றுபோன மாளிகை. எல்லாரும் அங்கே படமெடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். சற்றுத் தள்ளியிருக்கும் மாரியம்மன் கோயிலையும் பாருங்கள். கட்டட வேலைக்கு வந்த தமிழர்கள் விஷக்காய்ச்சலில் மடிந்தபோது, மிஞ்சியவர்கள் கேட்டுக்கொண்டபடி ஸ்மித் கட்டிக்கொடுத்தது என்பார்கள். கோயில் கூரையில் சாமி சிலைகளோடு தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரரும் நிற்கிறார்!

மறுபடியும் பத்து காஜா வந்து, தஞ்சோங் துவாலாங் சாலையில் திரும்பினோம். வழியில் ஐயா மகளின் தோளைத் தட்டினார். கப்சாய் நின்றது, பின்னால் நாங்களும் நின்றோம். இரண்டு பக்கமும் செம்பனை. உள்ளே ஒரு சிறிய கோயில், பக்கத்தில் ஒரு மாமரம்.

"இங்கதான் நம்ம லயம் இருந்துச்சு. பால் மரம் வெட்டுன காசுல தாத்தா இந்த வண்டிய வாங்குன அன்னிக்கு, லயமே வந்து சுத்திப் பார்த்துச்சு."

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எத்தன தடவ ஈப்போவுக்கு வந்திருக்கேன்பா. ஒரு நாள்கூட நீங்க சொல்லலையே" என்றார்.

"ஹைவேயில எங்கம்மா நிறுத்துறது?"

இன்னும் கொஞ்ச தூரத்தில் டி.டி.5 ஈயக்கப்பல். 1938இல் கட்டிய 4,500 டன் இரும்பு, 1982இல் வேலையை நிறுத்தியது. 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபின், தொழிலே படுத்துவிட்டது. ஈயம் தோண்டிய பள்ளங்கள் இன்று குளங்கள். தஞ்சோங் துவாலாங்கில் எங்கள் பகல் சாப்பாடு ஊடாங் காலா இறால். மாலிம் நாவார் வழியாகக் கம்பார் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, கோப்பெங் வழியாக ஈப்போ திரும்பினோம்.

இதற்குப் பழைய வண்டிதான் வேண்டும் என்பதில்லை, காரிலும் போகலாம். பள்ளி விடுமுறையில் ஒரு நாள் ஒதுக்குங்கள். சாலையோரத்தில் லயம் இருந்த இடத்தைக் காட்ட, நமக்கு இருக்கும் ஒரே வரைபடம் வீட்டுப் பெரியவர்கள்தான். தாத்தாவையோ பாட்டியையோ முன் இருக்கையில் உட்கார வையுங்கள். அவர்கள் கை காட்டும் இடத்தில் நிறுத்துங்கள்.