தாத்தாவை முந்த முடியுமா?

ஓட்டப்பந்தயத்தில் ஜெயிக்க என்ன வேணும்? வயசு, தெம்பு, நல்ல ஷூ என்று அடுக்குகிறவரா நீங்கள்? அப்படின்னா கலிஃபோர்னியாவில் நடக்கும் டிப்சீ ரேஸ் பக்கம் ஒரு நடை போய் வாங்க பாஸ்!

சான்ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் மில் வேலி என்று ஒரு குட்டி ஊர். அங்கிருந்து மலையேறி, காடு புகுந்து, அந்தப் பக்கம் பசிபிக் கடலோரத்தில் இருக்கும் ஸ்டின்சன் பீச் வரைக்கும் ஓட்டம். தூரம் சுமார் 12 கிலோமீட்டர். வழக்கமாக ஜூன் மாத ஞாயிறு ஒன்றில், ஏறக்குறைய 1,500 பேர் ஓடுகிறார்கள்.

விஷயமே ஸ்டார்ட்டிங்கில்தான் இருக்கு. முதலில் கிளம்புவது பொடிசுகளும் தாத்தா, பாட்டிகளும்! வயசையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்து, 25 நிமிடம் வரை முன்கூட்டியே ஓடவிடுகிறார்கள். குரூப் குரூப்பாக எல்லோரும் போன பிறகு, கடைசியில்தான் இருபதுகளில் இருக்கும் பசங்களுக்கு அனுமதி. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். யார் முதலில் பீச்சைத் தொடுகிறாரோ அவர்தான் வின்னர்.

'25 நிமிஷம் முன்னாடி விட்டா எங்க பாட்டிகூடத்தான் ஜெயிப்பாங்க' என்று சிரிக்காதீங்க. பாதையைப் பார்த்துட்டுப் பேசுங்க.

ஊரைத் தாண்டியதுமே படிகள். ஒன்றிரண்டு இல்லை, கிட்டத்தட்ட 700. பழனி மலைப் படிகளை ஓடியே ஏறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால், இங்கே அது வெறும் வார்ம்-அப்! ஏறியதும் சறுக்கிக்கொண்டு ம்யூர் வுட்ஸ் காட்டுக்குள் இறக்கம். 1908-ல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட காடு. 75 மீட்டரைத் தாண்டி நிற்கும் ரெட்வுட் மரங்கள். அண்ணாந்து பார்த்தால் அழகு. ஆனால், ஓடும்போது அண்ணாந்தால் அவ்வளவுதான்! காலடியில் வேர், கல், பள்ளம், ஈர மண். ஓரத்தில் பாய்சன் ஓக் என்ற செடி வேறு. மேலே பட்டால் அரிப்பு, கொப்புளம்.

அடுத்து டமால்பைஸ் மலை. தமிழ்ப் பேர் மாதிரி கேட்கிறதே என்று காலரைத் தூக்கிவிடாதீர்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளான மிவோக் மக்களின் மொழியில் இருந்து வந்த பெயர் அது. இந்த ஏற்றங்களுக்கு ஓட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர்களே கதை சொல்லும். முதலில் 'டைனமைட்'. உச்சியில் 'கார்டியாக்', அதாவது நெஞ்சைப் பிடிக்க வைக்கும் இடம்! அதன்பின் செங்குத்தாக இறக்கம். ஏறும்போது மூச்சு வாங்கும் என்றால், இறங்கும்போது தொடை கதறும். உடம்பின் மொத்த எடைக்கும் அதுதானே பிரேக். அப்பாடா, முடிஞ்சது என்று நினைக்கும்போது குறுக்கே வரும் ஒரு சின்ன மேடு. அதன் பெயர் 'இன்சல்ட்'!

பல இடங்களில் பாதை மிகக் குறுகல். கடைசியில் கிளம்பிய இளைஞர், முன்னால் போகும் ஆயிரத்துச் சொச்சம் பேரிடமும் வழி கேட்டுக் கேட்டுத்தான் தாண்ட வேண்டும். சில இடங்களில் குறுக்கு வழிக்கும் அனுமதி உண்டு. எந்தக் குறுக்கு வழி லாபம் என்பது பல வருஷம் ஓடிய பெரிசுகளுக்குத்தான் அத்துப்படி.

அதனால்தான் இங்கே எதுவும் நடக்கும். 1973-ல் ஜெயித்தது மேரி எட்டா பொய்ட்டானோ என்ற 10 வயதுச் சிறுமி. 2012-ல் ஜெயித்தவர் ஹான்ஸ் ஷ்மிட், வயது 72!

அந்தச் சிறுமியின் வெற்றிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கு. ரேஸ் தொடங்கியது 1905-ல். பெண்களுக்கு இடமில்லை. 1918-ல் அவர்களுக்காகத் தனியாக ஒன்று நடத்தியபோதும் அதை 'ரேஸ்' என்று சொல்லாமல் 'ஹைக்' என்றார்கள். பேர்தான் நடை, பெண்கள் ஓடினார்கள்! பெண்கள் உடம்பு தாங்காது என்ற பேச்சில், 1922-க்குப் பிறகு அதுவும் நின்றது. 1971-ல்தான் முறைப்படி கதவு திறந்தது. திறந்து இரண்டே வருடத்தில் ஒரு பத்து வயதுப் பெண் எல்லோரையும் பின்னால் ஓடவிட்டாள்.

ஜாக் கர்க் தாத்தாவைச் சொல்லாமல் விட முடியாது. 1930-ல் ஓட ஆரம்பித்தவர், ரேஸ் நடந்த ஒரு வருடத்தைக்கூட விடாமல் 67 முறை ஓடி முடித்தார். 1951-ல் ஒரு வெற்றி. அடுத்தது 1967-ல், அறுபது வயதில்! 2007-ல் இறந்தபோது அவருக்கு வயது 100.

அப்போ, வேகமான ஆளுக்கு இது அநியாயம் இல்லையா? குறைந்த நேரத்தில் ஓடியவருக்குத் தனிக் கோப்பையே இருக்கு. ஆனால், பெரிய மரியாதை முதலில் பீச்சைத் தொட்டவருக்குத்தான். இந்தச் சலுகை கிரேஸ் மார்க் கிடையாது. உங்க வயசுக்கு நீங்க எவ்வளவு நல்லா ஓடறீங்க என்ற கணக்கு. ஒருமுறை ஜெயித்துவிட்டால் அடுத்த முறை அந்தச் சலுகையிலும் கத்தரி விழும்.

கலந்துக்க ஆசையா? இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. குலுக்கல் உண்டு, ஏலம் உண்டு. 'எனக்கு ஏன் இடம் தரணும்' என்று உருக்கமாகச் சோகக் கதை எழுதி அனுப்பி இடம் பிடித்தவர்களும் உண்டு. அரியர் வைக்காமல் தப்பிக்கக் கதை எழுதிப் பழகிய நமக்கு இதெல்லாம் ஜுஜுபி. அந்த 700 படிகளுக்குத்தான் இப்போதிருந்தே பழகணும்!