ஆறு போட்டால் என்ன அர்த்தம்

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தி. நான் நாற்பது வருஷமாக பிரிட்ஜ் ஆடுகிறவன் என்று யாரோ சொல்லக் கேட்ட பக்கத்து இலைக்காரர், "அதுல பார்ட்னருக்கு சிக்னல் கொடுப்பீங்களாமே சார்? கண்ணடிப்பீங்களா, மூக்கைச் சொறிவீங்களா?" என்றார். வரிசையே சிரித்தது. பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்தேன். வீட்டில் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்கள்.

சிக்னல் என்றால் சீட்டால் பேசுவது. ஏலத்தில் ஜெயித்து ஆட்டத்தை நடத்துகிறவர் டிக்ளேரர். அவருக்கு எதிராக ஆடும் இருவரில் ஒருவர் கை மற்றவருக்குத் தெரியாது. டிக்ளேரரின் பார்ட்னர் கை, அதாவது டம்மி, மட்டும் மேசையில் மல்லாந்து கிடக்கும். பார்ட்னர் லீட் செய்த சூட்டில் நான் பெரிய சில்லறையைப் போட்டால் 'இதையே தொடரு'. சின்னதைப் போட்டால் 'வேண்டாம்'. டிக்ளேரர் ஆடும் சூட்டில் முதலில் பெரியது, பிறகு சின்னது என்றால் என்னிடம் இரட்டைப்படை. சின்னது முதலில் என்றால் ஒற்றைப்படை. இதற்குக் கவுண்ட் என்று பெயர். துருப்பு வெட்டக் கொடுக்கும்போது போடுகிற சீட்டு பெரிதா சிறிதா என்பதை வைத்து எந்த சூட்டில் திரும்பி வரவேண்டும் என்று சொல்லலாம். 1930-களில் அமெரிக்கர் ஹை லாவின்தால் எழுதிப் பரப்பியது இது. எதிலும் ரகசியம் கிடையாது. எங்கள் ஜோடி எந்தப் பொருளில் சீட்டுப் போடுகிறது என்று எதிராளி கேட்டால் சொல்லியே ஆகவேண்டும், அது விதி. நாலு பேர் காதிலும் விழும்படி பேசுகிறோம். மூக்கைச் சொறிந்தால் அது திருட்டு.

திருட்டு நடக்காமல் இல்லை. 1965-ல் புவெனஸ் அயர்ஸ் உலகப் போட்டியில், இங்கிலாந்தின் டெரன்ஸ் ரீஸும் போரிஸ் ஷாபிரோவும் சீட்டைப் பிடித்த விரல்களின் எண்ணிக்கையால் ஹார்ட்ஸ் எத்தனை என்று காட்டினார்கள் என்று புகார் எழுந்தது. உலக அமைப்பு குற்றம் என்றது. இங்கிலாந்தில் நடந்த விசாரணை அவர்களை விடுவித்தது. 1975 பெர்முடாவில் பார்ட்னரின் முகம் தெரியாதபடி மேசைக்குக் குறுக்கே திரை வைத்தார்கள். அங்கேயும் ஓர் இத்தாலிய ஜோடி மேசைக்கடியில் காலால் தட்டியதாகக் கண்டிக்கப்பட்டது. பந்திக்காரருக்கு இந்தக் கதைகள்தான் எட்டும். 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் முதன்முறையாகச் சேர்ந்தபோது கொல்கத்தாக்காரர்கள் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் தங்கம் வாங்கினார்கள். ஒருவருக்கு 60, மற்றவருக்கு 56 வயது. அதையும் நம் ஊரில் சீட்டுக்கட்டுக்கு மெடலா என்று கேட்டவர்கள் உண்டு.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். இரண்டு ஊருக்கும் நடுவே பத்துப் பதினொரு கிலோமீட்டர். சாயங்காலம் அவர் பஸ் ஏறி வருவார். ஆட்டம் முடிந்ததும் பஸ் ஸ்டாண்ட் வரை நான் கூட நடப்பேன். படிப்பு முழுக்க அந்த நடையில்தான். காசு வைத்து ஆட விடமாட்டார். தோற்றவர் அடுத்த வாரம் கால் கிலோ பால்கோவா வாங்கிவர வேண்டும். அவர் ஊரிலிருந்து வருகிறவர் என்பதால் நான் தோற்றாலும் வாங்கிவருவது அவர். காசு மட்டும் என்னுடையது.

மில்லில் கவுண்ட் என்றால் நூலின் நம்பர். 840 கெஜச் சிட்டம் நாற்பது சேர்ந்து ஒரு பவுண்டு எடை இருந்தால் அது நாற்பதாம் நம்பர் நூல். பகலெல்லாம் அந்தக் கவுண்ட், சாயங்காலம் இந்தக் கவுண்ட். சார் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "உன் மில்லுல தராசு இருக்குப்பா. இங்க பார்ட்னர்தான் தராசு" என்பார். ராஜா, ராணி எல்லாம் வந்த வழிக்கு வந்தவை, ரெண்டு முதல் ஒன்பது வரைதான் நாம் பேசுகிற வார்த்தை என்பதும் அவர் சொன்னது.

ஒரு கை மட்டும் எனக்கு இன்றைக்கும் தூக்கத்தில் வரும். எதிராளி மூணு நோ டிரம்ப் ஆடுகிறார், ஒன்பது டிரிக் எடுக்க வேண்டும். ஏலத்திலேயே கையில் 23 பாயிண்ட் என்று சொல்லிவிட்டார். சார் கிளப் ராணியை லீட் செய்தார். கூடவே ஜாக்கியும் இருக்கிறது என்று அர்த்தம். டம்மியில் டைமண்ட் ராஜா, ராணி, ஜாக்கி, பத்து, அஞ்சு. மற்ற சூட்டில் படச்சீட்டே இல்லை, நுழைய வேறு வழியும் இல்லை. நான் டம்மிக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறேன். என் கையில் டைமண்ட் ஏஸ், ஏழு, மூணு. கிளப்பைப் பிடித்த டிக்ளேரர் டைமண்ட் நாலை ஆடினார். சார் ஆறு போட்டார். டம்மி ராஜா, நான் மூணு. அடுத்து டம்மியிலிருந்து ராணி வருகிறது. இந்த முறை சாருக்கு முன்னால் நான் போட்டாக வேண்டும். ஏஸைப் பிடிப்பதா, விடுவதா?

ஆறு பெரிதா, சின்னதா? வெளியே இருப்பவை ஒன்பது, எட்டு, ஆறு, நாலு, ரெண்டு. சாரிடம் ஆறு, ரெண்டு இருந்தால் ஆறு பெரிது: இரட்டைப்படை, டிக்ளேரரிடம் மூன்று, நான் இன்னொரு முறை விடவேண்டும். ஒன்பது, எட்டு, ஆறு இருந்தால் ஆறுதான் சின்னது: ஒற்றைப்படை, டிக்ளேரரிடம் இரண்டே, உடனே பிடிக்கவேண்டும். டிக்ளேரர் வேண்டுமென்றே ரெண்டை மறைத்து நாலை ஆடியிருக்கலாம். ஆறை வெறித்துப் பார்த்தேன். பெரிதாகத் தெரிந்தது. விட்டேன். சார் எட்டைப் போட்டார். ஒன்பதாவது டிரிக் எதிராளிக்குப் போய்விட்டது.

அன்றைக்கு அவர் கோபப்படவில்லை, பஸ்ஸைத்தான் விட்டுவிட்டார். "ஆறை ஏன் பார்த்தே? பாயிண்டை எண்ணியிருக்கணும்." டம்மியில் ஆறு பாயிண்ட். என் கையில் டைமண்ட் ஏஸ், ஹார்ட் ராணி, ஜாக்கி, ஸ்பேட் ஜாக்கி, ஆக எட்டு. சாரின் கிளப் ராணி, ஜாக்கி மூன்று. நாற்பதில் மிச்சம் சரியாக 23, அத்தனையும் டிக்ளேரரிடம். ஸ்பேடில் மூன்று, ஹார்ட்டில் இரண்டு, கிளப்பில் இரண்டு, ஆக ஏழு டிரிக் அவர் பைக்குள். டைமண்டில் இன்னும் இரண்டு கிடைத்தால் ஆட்டம் முடிந்தது. சாரிடம் இரண்டே டைமண்ட் என்றால், நான் விட்டாலும் டிக்ளேரருக்கு இரண்டு, பிடித்தாலும் இரண்டுக்கு மேல். காப்பாற்ற வழியே இல்லை. சாரிடம் மூன்று இருந்தால் மட்டும் நாங்கள் பிழைப்போம். அப்படியானால் மூன்று என்று நம்பிப் பிடிக்க வேண்டியதுதான், ஆறு எதைச் சொன்னால் என்ன? "என்கிட்ட இருந்த சின்னது அதுதான். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது. மிச்சத்தை நீ யோசிச்சுக்கணும்." கடைசி பஸ் விளக்கு திரும்புகிறபோது இதைச் சொன்னார். அந்த வாரம் அரைக் கிலோ.

இன்னொன்றிலும் கறார். பார்ட்னர் யோசித்துத் தயங்கினால், அந்தத் தயக்கத்திலிருந்து நான் ஒன்றும் தெரிந்துகொள்ளக் கூடாது. விதிப்புத்தகத்திலும் இருக்கிறது, எத்தனை பேர் படிக்கிறார்கள்? அவர் எல்லாச் சீட்டையும் ஒரே வேகத்தில் போடுவார், கறிவேப்பிலை உருவுகிற மாதிரி. இப்போது எங்கள் மேசையில் சிலர் எட்டைப் போடும்போது பொத்தென்று போடுகிறார்கள். தலைகீழ் சிக்னல் வேறு வந்துவிட்டது; சின்னது போட்டால் 'தொடரு'. அதில் தப்பில்லை, பெரிய சீட்டை வீணாக்க வேண்டாம் என்கிற நியாயம் உண்டு. ஆனால் பழையதே படியாதவர்கள் தலைகீழாக நின்று என்ன ஆகப்போகிறது? போனில் கம்ப்யூட்டரை ஜோடியாக வைத்து ஆடிப் பழகியவர்களுக்கு எதிரே ஒருவர் காத்திருக்கிறார் என்பதே உறைப்பதில்லை. தோற்றால் வேறு ஆட்டம் தட்டிவிடலாம். யாரும் பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கப்போவதில்லை.

சார் போய்ப் பல வருஷம் ஆகிறது. இப்போது என் எதிரே உட்காருகிறவன் இன்ஜினீயரிங் படித்த பையன், கணக்கில் புலி. போன ஞாயிறு டிக்ளேரர் டைமண்ட் ஆட, அவன் ஆறு போட்டான். இந்த முறை பாயிண்டை எண்ணினேன். இரண்டு வழியும் திறந்தே இருந்தது, ஆறு ஒன்றுதான் துப்பு. ரெண்டு யார் கையிலிருந்தும் விழவில்லை. இரட்டைப்படை என்று நம்பி ஏஸை விட்டேன். ஆட்டம் போனது. சீட்டைத் திருப்பிப் பார்த்தால் அவனிடம் ஒன்பது, ஆறு, ரெண்டு.

"ரெண்டு எங்கப்பா இருந்தது?"

"கையிலதான் அங்கிள். எல்லாம் சின்னச் சீட்டுதானே, எதைப் போட்டா என்ன?"